சம்பந்தி வண்டியில் பெட்ரோல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என்னை 'ஏலே' என்று கூப்பிட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? திருநெல்வேலியில் 'ஏலே' என்பது தெருவில் அடிக்கிற காற்று மாதிரி. யார் மேல் வேண்டுமானாலும் படும். கூடப் படித்தவன் கூப்பிடுவான். ஐம்பத்து நாலு வயதிலும் கூப்பிடுவான், அறுபதிலும் கூப்பிடுவான்...

ஆனால் கூப்பிட்டவர் என் சம்பந்தி. என் மகளின் மாமனார். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது.

இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

சம்பந்தி உறவு என்பது கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை ஊற்றிய வெந்நீர். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். 'நீங்க முதல்ல', 'இல்ல, நீங்க முதல்ல' என்று வாசற்படியிலேயே கால் மணி நேரம் நிற்போம். அப்படிப்பட்டவர் நடுரோட்டில், நாலு பேர் பார்க்க, என்னை 'லே' போட்டுக் கத்தினார் என்றால் நான் என்ன செய்திருப்பேன்?

சொல்கிறேன்.

சம்பந்தி பெயர் ஆவுடையப்பன். விக்கிரமசிங்கபுரத்துக்காரர். அங்கே மில்லில் முப்பது வருடம் ஜெனரேட்டர் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்ததாலோ என்னவோ, மனிதர் பேசவே மாட்டார். பெண் பார்க்க வந்தபோது மொத்தமே மூன்று வார்த்தை. 'நல்லாருக்கு.' அது கேசரிக்கு. 'சரி.' அது கல்யாணத்துக்கு. 'வாரோம்.' அது எங்களுக்கு.

நான் அதற்கு நேர் எதிர். என்னை ஆஃப் செய்கிற ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தேடியே என் மனைவி இருபத்தெட்டு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் மறுவீட்டு விருந்து பாக்கி இருந்தது. எங்கள் பக்கம் மறுவீட்டு விருந்து என்றால் சொதி. காய்கறியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, சிறுபருப்புப் போட்டு, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றி இறக்குவார்கள். முதல் பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். சூடு ஆறினாலும் ருசி போச்சு. அதாவது, விருந்தாளிக்காகச் சொதி காத்திருக்காது. சொதிக்காக விருந்தாளிதான் காத்திருக்க வேண்டும்.

இடையில் சம்பந்திக்குக் கண்ணில் ஆபரேஷன். விருந்து தள்ளிப் போய், போன ஞாயிறு என்று முடிவானது. மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா மூவரும் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சம்பந்தியை மட்டும் பெண்ணைப் பெற்றவன் நேரில் போய் அழைத்து வர வேண்டும் — அதுதான் முறை. என் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் பஸ் பிடித்துப் போனேன்.

கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றார். பக்கத்தில் அவருடைய பழைய கார். பத்தொன்பது வயது. புதிதாக வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கல்யாணத்தில் மாப்பிள்ளையை விடப் பளபளப்பாக நின்ற கார்.

"வண்டி ஓடாம நிக்கி. நம்ம வண்டிலயே போவோம். நீங்க ஓட்டுங்க" என்றார்.

ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் காரை அவர் மகனிடம்கூடக் கொடுக்க மாட்டாராம்.

சாவியைப் போட்டேன். "பொறுங்க" என்றார். "அந்த மஞ்ச லைட்டு அணையட்டும். பொறவு திருப்புங்க."

டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ராகுகாலம் முடியக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தேன். அணைந்தது. ஸ்டார்ட் செய்தேன். வண்டி கடகடவென்று குலுங்கிக்கொண்டு கிளம்பியது. வயதானால் சத்தம் வரத்தானே செய்யும்? காலையில் எழுந்தால் என் முழங்காலே அப்படித்தான் பேசுகிறது. நான் தப்பாக நினைக்கவில்லை.

அம்பாசமுத்திரம் தாண்டி, ஆற்றுப் பாலம் தாண்டி, கல்லிடைக்குறிச்சியில் மனைவி சொல்லியிருந்த அப்பளக் கட்டை வாங்கிக்கொண்டு, ஊரைத் தாண்டும்போது பார்த்தேன் — எண்ணெய் முள் கீழே படுத்துக் கிடக்கிறது.

சம்பந்தியும் பார்த்துவிட்டார். சட்டைப் பையில் கையை விட்டார்.

இங்கேதான் வினை ஆரம்பம். பெண்ணைப் பெற்றவன் கூட வரும்போது மாப்பிள்ளையின் அப்பா காசு கொடுப்பதா? என் வம்சமே என்ன ஆவது? பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு குதித்து இறங்கினேன். அவரும் கதவைத் திறந்தார். நான் ஓடிப்போய் வெளியிலிருந்து அந்தக் கதவைச் சாத்தினேன்.

"சம்பந்தி, இது..." என்றார் ஜன்னல் வழியாக.

"நீங்க பேசப்படாது!"

"இல்ல, இதுக்கு..."

"ஒரு வார்த்த பேசப்படாது. பேசினீங்கன்னா எனக்கு மனசு சங்கடமாயிரும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு மனிதரைப் பேசவிடாமல் ஜெயித்த திருப்தி எனக்கு.

பங்கில் இசக்கி என்று ஒரு பெண் நின்றாள். "பெட்ரோலா, டீசலா சார்?" என்று தெளிவாகத்தான் கேட்டாள். நான் இருபது வருடமாக என் காருக்குச் சொல்கிற மந்திரத்தை அப்படியே சொன்னேன். "பெட்ரோல். ஃபுல்."

டேங்க் மூடியில் 'டீசல்' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் புதுப் பெயிண்ட் அடித்தபோது போய்விட்டதாம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஃபுல் டேங்க் போட்டு முடித்து, ஜெயித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தேன். சம்பந்தி மூக்கை லேசாகச் சுளித்தார். கண்தான் ஆபரேஷன், மூக்கு நன்றாக வேலை செய்தது. முப்பது வருடம் எண்ணெயோடு இருந்த மூக்கு.

"சம்பந்தி... ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவமா?" என்றார்.

"நேரமாச்சு சம்பந்தி. அங்கன இலை போட்டிருவாங்க."

"எனக்கு... பாத்ரூம் போவணும்போல இருக்கு."

"வீரவநல்லூர்ல நல்ல இடமா நிறுத்துதேன்."

பாவம், மனிதர் தவித்திருக்கிறார். மகனுக்குப் பெண் கொடுத்தவனிடம், முதல் பயணத்தில், 'நீ செய்தது முட்டாள்தனம்' என்று எப்படிச் சொல்வது? எந்த முறையில் சேர்த்தி அது? அவர் மரியாதையான வார்த்தை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். நான் சாவியைப் போட்டேன். மஞ்சள் லைட் எரிந்தது. அவர் சொல்லிக் கொடுத்தபடியே அது அணைவதற்காகக் காத்திருந்தேன்.

அணைந்தது. விரலில் அழுத்தம் கொடுத்தேன்.

"ஏலே! சாவிய விடுலே!"

கை தானாக விலகிவிட்டது. இசக்கி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பால்காரர், தன்னைத்தான் சொல்கிறார் என்று தன் பைக் சாவியை விட்டார்.

சம்பந்திக்கு மூச்சு வாங்கியது. "மன்னிச்சிருங்க சம்பந்தி. வாய் தவறிட்டு. இது டீசல் வண்டி."

எனக்கு முதலில் அது உறைக்கவில்லை. உறைத்ததும் வண்டி ஞாபகம் வரவில்லை; என் மகள் ஞாபகம்தான் வந்தது. அவள் நாளைக்கு அந்த வீட்டில் போய் இருக்க வேண்டும். காலை எழுந்ததும் வாசலில் அந்தக் கார் செத்துப்போய் நிற்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். 'உங்கப்பாதானாம்மா...?' என்று. எத்தனை வருடத்துக்கு அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் சொல்லும்?

"வண்டி போயிருச்சா?" என்றேன்.

"இன்னும் ஸ்டார்ட் பண்ணல. தப்பிச்சிருக்கணும்" என்றார். "காதர் வந்து பாக்கட்டும்."

காதர் கல்லிடைக்குறிச்சி மெக்கானிக். பத்து வருடம் துபாயில் லாரி எஞ்சின் பார்த்துவிட்டு வந்தவர். ஒரு மணி நேரத்தில் வருவதாகப் போனில் சொன்னார். வண்டியை நான், பால்காரர், இசக்கி மூவரும் தள்ளி ஓரமாக விட்டோம். பங்கை ஒட்டி ஓடும் கன்னடியன் கால்வாயின் சுவரில், மருத மரத்து நிழலில் நானும் சம்பந்தியும் உட்கார்ந்தோம்.

 

ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "ரெண்டும் எண்ணெய்தான சம்பந்தி? ரெண்டும் எரியத்தான செய்யுது? மாத்தி ஊத்தினா என்ன?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். முப்பது வருடமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி.

"ரெண்டும் எரியும். எரியிற விதம் வேற" என்றார். எழுந்து போனார்.

பங்கில் காற்றடிக்கிற மெஷின் ரிப்பேர். அதற்குப் பதிலாக ஒரு சைக்கிள் பம்ப் வைத்திருந்தார்கள். அதை எடுத்து வந்தார். டியூபின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "அடிங்க" என்றார். அடித்தேன். பத்து தடவை, பதினைந்து தடவை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"இப்ப அடியில தொடுங்க."

தொட்டேன். சட்டென்று கையை எடுத்தேன். சுடுகிறது!

"உரசுறதுல கொஞ்சம் சூடு உண்டு. ஆனா முக்காவாசி அமுக்குனதால வந்தது. உள்ள தீ இருந்துச்சா? இல்ல. வெறும் காத்து. காத்த அமுக்கினா சுடும். இங்கன நாம அமுக்குனது ஏதோ கொஞ்சம். டீசல் எஞ்சின்ல ஒரு வாளிக் காத்த ஒரு டம்ளருக்குள்ள திணிக்குற மாதிரி அமுக்கும். ஈயத்தப் போட்டா உருகிரும், அவ்வளவு சூடு."

சைக்கிளுக்குக் காற்றடிக்காத ஆள் நம்மில் யார்? எத்தனை தடவை அந்தப் பம்ப் சுட்டிருக்கும்! 'சீ, சுடுது' என்று கையை உதறிவிட்டுப் போயிருக்கிறேன். ஏன் சுடுகிறது என்று ஒரு நாள் கேட்டேனா?

"அந்தச் சூட்டுல டீசலப் பீச்சி அடிக்கும். பூ மாதிரி. பட்ட உடனே தானா பத்திக்கிடும். பொறி கிடையாது, ப்ளக் கிடையாது, தீக்குச்சி கிடையாது."

"அப்ப பெட்ரோல்?"

"அதுல முதல்லயே பெட்ரோலும் காத்தும் கலந்து உள்ள போவும். கொஞ்சமா அமுக்கும். சரியான நேரத்துல ஒரு பொறி. டக். அவ்வளவுதான்."

அப்போது என் போன் அடித்தது. மனைவி. ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கன நிக்கீங்க?"

"கல்லிடைக்குறிச்சில. வண்டில ஒரு சின்ன..."

"என்ன செஞ்சீங்க?"

பாருங்கள். 'என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை. 'என்ன செஞ்சீங்க' என்றாள். இருபத்தெட்டு வருடத்து அனுபவம்.

அதற்குள் அந்தப் பக்கம் 'டக் டக்' என்று லைட்டர் சத்தம். அடுப்பு 'புஸ்' என்று பற்றியது. சம்பந்தி விரலைத் தூக்கினார்.

"கேட்டீங்களா? அதான் பெட்ரோல். கேஸ் முதல்ல காத்தோட கலந்து நிக்கும். பொறி பட்டாத்தான் பத்தும்."

மனைவி பேசிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் போனுக்குள் படபடவென்று வெடித்தது. கடுகு!

சம்பந்தி முகம் மலர்ந்துவிட்டது. "அதான் டீசல்! எண்ணெய் முன்னமே காஞ்சு கிடக்கு. கடுகு விழுந்ததும் வெடிக்கி. யாரும் கடுகுக்குத் தீ வைக்கல பாத்தீங்களா? கடுகு எரியல, வெடிக்கத்தான் செய்யுது, அது வேற. ஆனா முறை அதான். சூடு முதல்ல, சரக்கு பொறவு."

"யாரு, சம்பந்தியா பேசுதாங்க?" என்றாள் மனைவி. குரலில் அப்படி ஓர் ஆச்சரியம். "சரி சரி, பைய வாங்க. முதல் பால நான் இப்ப ஊத்தல."

வைத்துவிட்டாள். நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டு, 'என்ன வாசனை, உளுந்த வடையா?' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைச் சுவரோடு உட்கார வைத்தது.

"பெட்ரோல் பக்கத்துல நெருப்பக் கொண்டு போவ முடியுமா? குப்புனு பிடிக்கும். ஆனா எஞ்சினுக்குள்ள போட்டு அமுக்கினா? பொறுத்துக்கிட்டு இருக்கும். பொறி வார வரைக்கும் பத்தப்படாது. அப்படிப் பொறுக்கணும்னே அதத் தயார் பண்ணுதாங்க. முன்னாலயே பத்திட்டுன்னா, ஏறி வார பிஸ்டன் தலையில அடிச்ச மாதிரி டொக்கு டொக்குனு தட்டும்."

"டீசல்?"

"அது தலைகீழ். எங்க ரூம்ல ஒருத்தன் இருந்தான். கரண்டில டீசல ஊத்தி, எரியிற தீக்குச்சிய அதுக்குள்ள முக்குவான். குச்சி அணைஞ்சிரும். ஆனா அமுக்கின சூட்டுக் காத்துல விட்டா ஒரு நொடி பொறுக்காது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இத நீங்க செஞ்சு பாக்கப்படாது" என்றார்.

ஒரு மணி நேரத்தில் என்னை அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். ஒரே தேங்காயில் முதல் பாலும் மூன்றாம் பாலும் எடுக்கிற மாதிரி, பூமிக்கடியிலிருந்து வருகிற ஒரே கறுப்பு எண்ணெயிலிருந்து பிரித்ததுதான் இரண்டும். ஒன்று பொறிக்குப் பயப்படும், அழுத்தத்துக்கு அசையாது. இன்னொன்று பொறியை மதிக்காது, அழுத்தினால் தாங்காது.

மனிதர்களில்கூட... சரி, உங்களுக்கே தோன்றியிருக்கும். நான் பெட்ரோல் ஜாதி. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்வேன். ஆனால் ஆபீஸில் என்னை எவ்வளவு அமுக்கினாலும் தானாக வெடித்ததாகச் சரித்திரம் இல்லை. சம்பந்தி டீசல். என்ன சொன்னாலும் அணைத்துவிடுவார். ஆனால் கதவைச் சாத்தி, வாயைச் சாத்தி, காப்பி வேண்டாம் என்று, பாத்ரூம் வேண்டாம் என்று நான் அமுக்கிய அமுக்கு இருக்கிறதே!

காதர் வந்தார். வந்ததும் ஒரே கேள்வி. "ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்ல" என்றார் சம்பந்தி.

"அல்லா காப்பாத்திட்டான். எப்படி அண்ணாச்சி அதுக்குள்ள கண்டுபிடிச்சீங்க?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னால் நாளைக்குக் கல்லிடைக்குறிச்சி முழுக்கத் தெரியும்.

"சம்பந்திதான் மஞ்ச லைட்டுக்குப் பொறுத்திருந்தாக. அதுல நேரம் கெடச்சுது" என்றார்.

பொய்யா? இல்லை. முழு உண்மையா? அதுவும் இல்லை. அந்தக் கால்வாய்த் தண்ணீரில் குதித்து ஒரு முங்கு போட வேண்டும்போல இருந்தது எனக்கு.

காதர் டேங்கைக் காலி செய்தார். என் விரலில் ஒரு சொட்டு வைத்தார். "இது பெட்ரோல்." ஜில்லென்றது, காணாமல் போனது. பங்கிலிருந்து டீசல் ஒரு சொட்டு. தேய்க்கத் தேய்க்க வழுவழுவென்று நின்றது. "டீசல் பம்புக்கு இந்த வழவழப்புத்தான் உசுரு. பெட்ரோல் உள்ள போச்சுன்னா, எண்ணெய் தேச்ச உடம்புல சீயக்காய் போட்ட மாதிரி மொத்தமா உருவிரும். இரும்பு இரும்ப உரசும். அத்தோட முடிஞ்சுது." ஒரு திருப்புத் திருப்பியிருந்தால், நாலு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால், அந்தப் பத்தொன்பது வயது வண்டி என் பெயரைச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஃபில்டர் மாற்றி, டீசல் ஊற்றி, எண்ணெய்க் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியே எடுத்தார். அதற்கே ஒன்றரை மணி நேரம். "போடுங்க" என்றார்.

நான் சாவியைச் சம்பந்தியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீங்களே போடுங்க."

சாவியைப் போட்டேன். மஞ்சள் லைட்.

"ஏன் சம்பந்தி இதுக்குப் பொறுக்கணும்?"

"காலைல எஞ்சின் பச்சத் தண்ணி மாதிரி கெடக்கும். அமுக்கினாலும் சூடு பத்தாது. இந்த லைட்டு எரியும்போது உள்ள ஒரு கம்பி பழுக்குது. சட்டி காயுது. காயட்டும்."

சட்டி காயட்டும். காத்திருந்தேன். ராகுகாலத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இல்லை; கோயிலில் திரை விலகக் காத்திருக்கிற மாதிரி. அணைந்தது. திருப்பினேன்.

இரண்டு தடவை இருமியது. என் மகள் முகம் வந்து போனது. மூன்றாவது தடவை — கடகடகடகட!

காலையில் முழங்கால் வலி என்று நினைத்தேனே, அதே சத்தம். இப்போது வேறாகக் கேட்டது. ஒவ்வொரு 'கட'வும் ஒரு கடுகு. பொறி இல்லாமல், வெறும் காற்றின் சூட்டில், இரும்புக்குள்ளே ஒரு குட்டித் தீ. ஓடுகிற வேகத்தில் நான் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் ஏறக்குறைய இருபது தடவை அது பற்றி எரிகிறதாம். இருபது! அதன் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நாம் 'ஏசி பத்தலையே' என்கிறோம்.

வீரவநல்லூர், சேரன்மகாதேவி... வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை நான். வண்டி பேசியது. நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அவ்வப்போது சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. வாசலில் கோலத்தைக்கூட வெயில் பாதி தின்றுவிட்டது. எங்கள் தலையைப் பார்த்த பிறகுதான் முதல் பாலை ஊற்றினாள் மனைவி. மகள் பரிமாற வந்தாள். "என்னப்பா ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"டேங்க்ல தூசிம்மா" என்றார் சம்பந்தி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. அதற்கு அப்புறம் அன்று முழுவதும் அவர் பேசியது ஒரே வார்த்தை. 'நல்லாருக்கு.' அது சொதிக்கு.

அவர் ஊருக்குத் திரும்பி நாலு நாள் கழித்து, என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. கீழே ஒரு வரியும் இல்லை. அவர் காரின் டேங்க் மூடி. வெள்ளைப் பெயிண்டின் மேல், அவர் கையாலேயே சிவப்பில் எழுதியிருந்தார்:

'ஏலே... டீசல்!'